திண்ணை எத்தனை அடி?

புதுச்சேரியின் தமிழர் பகுதியில், 40 அடி அகலமும் 150 அடி ஆழமும் கொண்ட பழைய மனையொன்றில் நடந்துவந்த தொடக்கப் பள்ளியைப் புதுப்பித்துத் தரும் வேலை எங்கள் சிறிய கட்டடக்கலை அலுவலகத்துக்கு வந்தது. முதல் வாரமே தெருக்காரர்களையும் பெற்றோர்களையும் கூட்டி, "பள்ளிக்கூடம் எப்படி இருக்க வேண்டும், உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் கிடைத்த பதில்கள் எல்லாம் வேறேதோ கட்டடத்தைப் பற்றியவையாக இருந்தன. ஏ.சி. வகுப்பறை, கண்ணாடி முகப்பு, ஸ்மார்ட் போர்டு, தனியார் பள்ளி ஒன்றின் வாசலில் இருப்பதைப் போன்ற வளைவு. தவறு அவர்களுடையது அன்று. என்ன வேண்டும் என்று கேட்டால் மனிதர்கள் வேறு எங்கோ பார்த்ததைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கூட்டம் கலைந்தபின், எதிர்வீட்டுத் திண்ணையில் காலை நேரத்தில் இட்லி விற்கும் பாட்டி மட்டும் நின்று சொன்னார்: "ஒசரமா கட்டு பாப்பா. நான் வாக்கப்பட்டு வந்தப்ப எங்க திண்ணைக்கு மூணு படி ஏறணும். இப்பப் பாரு, ஒக்காந்தா காலு ரோட்டுல கெடக்கு."

அவர் வீட்டுத் திண்ணை இறங்கவில்லை, தெருதான் ஏறியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரை ஊற்றும் வழக்கத்தால், சாலை போடும் ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வீட்டுக்குள் புகுவதற்கு மழையின் அளவைவிட இதுவே பெரிய காரணம். என் வரைபடத்தில் தெருமட்டம் என்பது பூஜ்யம் என்று எழுதிய ஒரு கோடு. அந்தத் தெருவில் வாழ்பவருக்கு அது ஐம்பது ஆண்டுகளாக நகர்ந்துகொண்டிருக்கும் கோடு. அன்றிலிருந்து என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். என்ன வேண்டும் என்று யாரிடமும் கேட்பதில்லை. இங்கே என்ன நடக்கிறது, எத்தனை மணிக்கு நடக்கிறது, மழையில் என்ன ஆகிறது என்றுதான் கேட்கிறேன்.

இந்த நகரத்தை வெளியூர்க்காரர்கள் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாகவே அறிவார்கள். அது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதி. வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் பகுதியின் வீடுகள் வேறு இலக்கணம் கொண்டவை. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, தெருவை ஒட்டி, குறுகிய முகமும் நீண்ட உடலுமாக நிற்பவை. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதன் உட்புறம் திண்ணை, கதவு, நடை, முற்றம், பின்கட்டு, கிணறு என்று ஒரே நேர்கோட்டில் உள்ளே போகும். தெருக்கள் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்ளும் அமைப்புக்கு, 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்துவைத்திருந்த டச்சுக்காரர்களின் திட்டமே அடிப்படை. (ஆறே ஆண்டுகள் இருந்தவர்கள் கோடு போட்டுவிட்டுப் போனார்கள், முந்நூறு ஆண்டுகளாக நாம் அந்தக் கோட்டில் நடந்துகொண்டிருக்கிறோம்.) 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு மீண்டும் எழுந்தபோதும் தெருக்கள் பெரும்பாலும் பழைய கோட்டிலேயே எழுந்தன. கீழ்த்தளம் தமிழ்த் திண்ணையும் மேல்தளம் பிரெஞ்சு வளைவு ஜன்னலுமாக இரண்டும் கலந்த வீடுகளை வைசியாள் வீதியில் இன்றும் பார்க்கலாம். பெயர்ப்பலகையில் கல்வே சுப்பராய செட்டி வீதி என்றிருக்கும் அந்தத் தெருவின் முகப்புகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீரமைத்தது. அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

முகப்பைக் காப்பாற்றுவது ஒரு கலை. அதற்குப் பின்னால் 180 குழந்தைகள் படிக்க வேண்டும் என்பது வேறொரு கணக்கு. எங்கள் மனையில் இருந்த பழைய வீட்டின் முன்கட்டு உறுதியாக இருந்தது, பின்கட்டு பாதி சரிந்திருந்தது. முன்கட்டை நூலகமாகவும் அலுவலகமாகவும் வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு தளத்தில் வகுப்பறைகள் கட்டுவது என்று முடிவாயிற்று. அதன் பிறகுதான் பாட்டியின் சொல் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

தரைமட்டத்தைத் தெருவிலிருந்து இரண்டரை அடி உயர்த்தினால் இன்னும் இருபது ஆண்டுகளுக்குத் தண்ணீர்ப் பயமில்லை என்று முதலில் கணக்குப் போட்டேன். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்குச் சாய்தளம் வேண்டும். ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அதற்கான விகிதம். இரண்டரை அடிக்கு 30 அடி. மனையின் மொத்த முகமே 40 அடி; வாசல் போக மிஞ்சியதையெல்லாம் சாய்தளமே விழுங்கிவிடும், திண்ணைக்கு இடமில்லை. மழை, சக்கர நாற்காலி, திண்ணை ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. நிர்வாகத்தினர் உடனே திண்ணையை விடச் சொன்னார்கள். கண்டவர்களும் வந்து உட்காருவார்கள், கம்பிக் கதவு போட்டுவிடலாம் என்பது அவர்கள் கருத்து.

நான் ஒரு வாரம் அந்தத் தெருவில் காலை எட்டு மணிக்கும் மாலை மூன்றரைக்கும் போய் நின்றேன். பிள்ளையை அழைத்துப் போக வரும் ஆயாக்களும் தாத்தாக்களும் பள்ளிவிடும் நேரத்துக்கு அரை மணி முன்பே வந்துவிடுகிறார்கள். உட்கார இடமில்லாததால் எதிர்வீட்டுத் திண்ணையிலும், நிறுத்திவைத்த ஸ்கூட்டர்களின் மேலும், சிலர் சாக்கடை மூடியின் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் அந்நியர் யாராவது வந்து நின்றால் முதலில் கவனித்து "யாரு வேணும்?" என்று கேட்டவர்களும் இவர்கள்தாம், என்னையும் கேட்டார்கள். கம்பிக் கதவைவிட நல்ல காவல் தெருவிலேயே இருந்தது, அதற்கு உட்கார ஓர் இடம்தான் இல்லை. இதை நிர்வாகத்தினரிடம் சொன்னபோது அவர்கள் முழுமனதோடு ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆயினும் கம்பிக் கதவு நடையின் உள்முனைக்கு நகர்ந்தது.

மழைக்கான வழி மூலைக் கடைக்காரர் கடையில் கிடைத்தது. அவருடையது பழைய காலத்துப் பலகைக் கதவு. கல்லில் வெட்டிய பள்ளத்தில் ஒவ்வொரு பலகையாகச் செருகி, வரிசை எண்ணைப் பார்த்து அடுக்குவது. பெருமழை நாட்களில் கீழே மட்டும் இரண்டு பலகைகளைக் குறுக்காகச் செருகி, இடுக்கில் களிமண் அப்பித் தண்ணீரைத் தடுப்பதாகச் சொன்னார். அதைத்தான் செய்தோம். தரைமட்டம் ஒன்றரை அடி. சாய்தளம் 18 அடி. வாசலின் இருபுறமும் கருங்கல் நிலையில் பள்ளம் வெட்டி, தேவைப்படும் நாளில் ஓரடி உயரத்துக்குப் பலகை செருகும் ஏற்பாடு. மிஞ்சிய 16 அடியில் திண்ணை. அதன் மேற்பரப்பைத் தெருவிலிருந்து இரண்டரை அடியில் வைத்து, ஏறுவதற்கு ஓரத்தில் படி அமைத்தோம். இந்த வேலையில் எனக்கு உண்மையான பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது இந்த முகப்புதான். இதில் என் கற்பனை என்று எதுவும் இல்லை.

குழந்தைகளிடம் கேட்பது இதைவிடக் கடினம். என்ன வேண்டும் என்றால் நீச்சல்குளம் என்பார்கள். அதனால் அவர்கள் அப்போது படித்துக்கொண்டிருந்த கட்டடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னோம். வேப்பமரம் எல்லாப் படத்திலும் இருந்தது. பெரும்பாலான படங்களில் கழிப்பறை இல்லை. வரைந்திருந்த சிலரும் அதைக் கறுப்பாக அடைத்திருந்தார்கள். காரணம் பள்ளி ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. கிணற்றைத் தாண்டி, மனையின் கடைசி முனையில், விளக்கில்லாத சந்தில் கழிப்பறை. அங்கே போகப் பயந்து பல பெண் குழந்தைகள் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக்கு வெளியே, கொல்லையின் கோடியில் கழிப்பறை என்ற பழைய ஏற்பாட்டை நாங்களும் முதல் வரைபடத்தில் சிந்திக்காமல் அப்படியே வைத்திருந்தோம். மரபு என்பதற்காக எல்லாவற்றையும் தொடர வேண்டியதில்லை. இப்போது ஒவ்வொரு தளத்திலும் வகுப்பறைகளுக்கு நடுவே, ஆசிரியரின் கண்பார்வைக்குள் கழிப்பறை இருக்கிறது. மேல்தளத்தில் கூரையிலிருந்தும் கீழ்த்தளத்தில் சுவரோர ஒளிக்கிணறு வழியாகவும் வெளிச்சம் வருகிறது. துர்நாற்றம் வரும் என்று எதிர்த்தவர்களுக்கு, தண்ணீரும் வெளிச்சமும் காற்றும் இருந்தால் வராது என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

வெப்பத்தைப் பற்றிப் பேசினால் இந்த ஊரில் எல்லோரும் கோல்கொண்டாவைக் காட்டுவார்கள். அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் 1930களின் பிற்பகுதியில் வடிவமைத்த விடுதி அது. ஹைதராபாத் நிஜாமின் அரசிலிருந்து கிடைத்த நன்கொடைதான் அந்தப் பெயருக்குக் காரணம். வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய பலகைகள். கூரைத்தளத்தின் மேல் காற்றிடைவெளி விட்டு மற்றொரு கூரை. மாணவியாக இருந்தபோது அதை அளந்து வரைந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் கோல்கொண்டாவைச் சுற்றித் தோட்டம் இருக்கிறது, ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேற முடியும். தமிழர் பகுதியின் மனையில் இருபுறமும் அயலாரின் சுவர். காற்றுக்குத் தெரு, முற்றம், பின்கட்டு ஆகிய மூன்று வாய்கள்தாம் உண்டு. எனவே நாங்கள் பின்பற்ற வேண்டியது அந்தப் புகழ்பெற்ற கட்டடத்தை அன்று, பக்கத்து வீட்டை. சிறிய முற்றம் ஒன்று, அதைவிடப் பெரிய பின்வெளி ஒன்று. இரண்டும் வெவ்வேறு அளவில் சூடாவதால் இடையில் காற்று நகரும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பும்போது கிழக்கு மேற்காக ஓடும் தெரு அதைக் கொண்டுவந்து வாசலில் விடும்.

சூரியனைப் பற்றி ஒரு சிறு தகவல். புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வடக்கு அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலிருந்து சற்று வடக்கே இருக்கும். தெற்குச் சுவருக்கு மட்டும் நிழல் கட்டும் பாடப்புத்தக வழக்கம் இங்கே, அதுவும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், உதவாது. முற்றத்தின் நான்கு புறமும் தாழ்வாரம் ஓடுவது அழகுக்காக வைத்தது அன்று என்பதை அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

ஆனால் முற்றம் ஒரு பிரச்சினையையும் கூடவே கொண்டுவந்தது. ஓசை. ஒரு குடும்பம் வாழ்ந்த முற்றத்தைச் சுற்றி ஆறு வகுப்புகளை வைத்தால், ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது மற்ற ஐந்தும் சேர்ந்து கேட்கும். பொதுச்சுவருக்கு அப்பால் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர், தமக்கு மதியத் தூக்கம் போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். தென்னைநார்ப் பலகையைக் கூரையின் அடியில் பதிக்கலாம் என்று நினைத்தேன். மலிவானது, உள்ளூரில் கிடைப்பது, கேட்பதற்கும் நன்றாக இருப்பது. பிறகு அதை நானே அடித்துவிட்டேன்.

காரணம் கும்பகோணம். 2004 ஜூலை 16 அன்று, பழைய ஊரின் நெரிசலான தெருவில் இருந்த ஒரு பள்ளியில், மதிய உணவுச் சமையலிடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரை வழியே பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். இயற்கைப் பொருள், உள்ளூர்ப் பொருள், குளிர்ச்சியான கூரை என்று நாங்கள் மேடையில் பேசும் சொற்களெல்லாம் அந்தக் கீற்றுக்கும் பொருந்தும். பள்ளிக்கூடம் வரைகிற யாரும் அந்தத் தேதியை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் வரைய வேண்டும். தென்னைநாருக்குப் பதில் எளிதில் தீப்பிடிக்காத மரநார்ச் சிமெண்ட் பலகை வந்தது. பொதுச்சுவரை ஒட்டி வகுப்பறைகள் வராமல் படிக்கட்டும் பொருளறையும் வந்தன. அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் எங்களுக்கும் பள்ளிக் குழுவுக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டு படிக்கட்டுகள் என்றால் ஒரு வகுப்பறை அளவு இடம் போய்விடும். சின்னப் பள்ளிக்கு எதற்கு இரண்டு என்றார்கள். எல்லாவற்றையும் மக்களிடம் கேட்டுச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இதில் மட்டும் பிடிவாதம் பிடிப்பது ஏன் என்றும் ஒருவர் கேட்டார். கூரிய கேள்விதான். எத்தனை வாக்குகள் விழுந்தாலும் ஒரு குழந்தை வெளியேறும் வழியைக் குறைக்க நான் கையெழுத்திட மாட்டேன் என்று சொன்னேன். கேட்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையை முதல் கூட்டத்திலேயே சொல்லாமல் விட்டது என் பிழை.

முன்கட்டின் கூரை மெட்ராஸ் ஒட்டு. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திவைத்துச் சாய்வாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, தட்டோடு பதிப்பது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் அறுபதைத் தாண்டியவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் பதத்தை விரலில் தொட்டுப் பார்த்தே சொல்வார். அவருக்கு உதவ வந்த இளைஞர்கள் சிமெண்ட் வேலைக்குப் பழகியவர்கள். சுண்ணாம்பு இறுகுவதற்குக் காத்திருக்கும் நாட்களை வீண்நாட்களாகவே பார்த்தார்கள். ஒப்பந்ததாரரும் அப்படித்தான். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துச் சுவரையே தின்றுவிடும் என்று எத்தனை முறை சொல்லியும், நான் இல்லாத ஒரு நாளில் பின்சுவரின் ஒரு பகுதிக்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். கொத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. 2014 நவம்பரில் இந்த ஊரின் பழைய மேரி கட்டடம் (பிரெஞ்சுக்கால நகராட்சி மன்றம்), கடற்கரைச் சாலையில் அத்தனை கம்பீரமாக நின்றது, ஒரு மழைநாளில் சரிந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஈரத்தைக் கவனிக்காமல் விடுவதன் பொருள் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பின்பகுதியின் புதிய தளங்களுக்குக் கான்கிரீட்டைத் தவிர்க்க முடியவில்லை. ஆனால் சரிந்த பின்கட்டிலிருந்து கிடைத்த நாட்டு ஓடுகளை, கான்கிரீட் அதிகம் வேலை செய்யாத அடிப்பகுதியில் இரண்டிரண்டாகக் கவிழ்த்துவைத்து ஊற்றினோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை இது. கான்கிரீட் மிச்சம், எடையும் குறைவு. அண்ணாந்து பார்த்தால் பழைய ஓடு தெரியும். அதை எண்ணுவது மூன்றாம் வகுப்பின் இப்போதைய பொழுதுபோக்கு.

தண்ணீர்க் கணக்கில் எங்களைப் போன்றவர்கள் சற்று மிகைப்படுத்துவது வழக்கம் என்பதால் இங்கே எண்களை வெளிப்படையாகவே தருகிறேன். கூரை 3,000 சதுர அடி. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை என்று கொண்டு, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 2.7 லட்சம் லிட்டர் கிடைக்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே மூச்சில் பெய்யும். இடமிருந்ததோ 30,000 லிட்டர்த் தொட்டிக்கு. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்ற விதிக்கணக்கின்படி 180 பேருக்கு 8,100 லிட்டர். தொட்டி நிறைந்திருந்தாலும் நான்கு நாள்கூடத் தாங்காது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று ஒதுக்கினால் ஒரு மாதம் வரும். மீதி மழையெல்லாம் மணல் வடிகட்டி வழியாகப் பழைய கிணற்றுக்குள் இறங்குகிறது. கடலோர ஊரில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே வரும். கிணற்றுக்குள் இறக்குவது எங்கள் பள்ளிக்கு மட்டும் சேரும் சேமிப்பு அன்று, தெருவுக்கே சேருவது. அந்தக் கிணற்றை மூடி இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தபோது அதைத் தடுத்தவர்கள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்தாம்.

சூரியத் தகடுகளைக் கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் தெருவுக்குத் தெரியாமல் வைத்தோம். அடுத்த ஆண்டே மேற்கு மனையில் மூன்று மாடி எழும்பியது. மதியம் மூன்று மணிக்கு மேல் தகடுகளில் பாதி நிழலில் கிடக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

பள்ளி திறந்தபின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. வாசலில் பலகை செருக வேண்டிய நாள் ஒரே ஒரு முறைதான் வந்தது. இடுக்கில் அப்பக் களிமண் கொண்டுவந்து தந்தவர் மூலைக் கடைக்காரர். பெரியவரின் மதியத் தூக்கத்துக்கு நான் எதிர்பார்த்த அளவு பயன் கிடைக்கவில்லை, வாய்ப்பாட்டு வகுப்பைக் காலைக்கு மாற்றிய தலைமையாசிரியையின் ஏற்பாடுதான் உண்மையில் வேலை செய்தது.

போன மாதம் அந்தத் தெருவுக்கு மீண்டும் சாலை போட்டார்கள். சுரண்டாமல்தான். சாய்தளத்தின் கீழ்முனை ஏறக்குறைய மூன்றடி நீளத்துக்குத் தாருக்குள் போய்விட்டது என்று தலைமையாசிரியை தொலைபேசியில் சொன்னதும் அளவுநாடாவோடு ஓடினேன். தெரு மூன்று அங்குலம் ஏறியிருந்தது. நான் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது இட்லிப் பாட்டி தெருவைக் கடந்து வந்து, ஓரத்துப் படியில் ஏறி, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து காலை ஆட்டிப் பார்த்தார்.

"இன்னும் தொடலை" என்றார்.